கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் சொல்லப்படாத இறப்புக் காரணம்

ஆய்வுச்சுருக்கம்
இறப்பை அறிவிக்கும் குடும்பம் அதன் காரணத்தைச் சொல்லாது விடுவதை மறைப்பு எனக் கருதும் போக்கு உள்ளது. சுவரொட்டி வழக்கை மரபிலக்கியத்தோடும் பதிவுச் சட்டத்தோடும் ஒப்பிட்டு, இம்மௌனத்தின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கண்ணீர் அஞ்சலி, மங்கல வழக்கு, இறப்புப் பதிவு, அந்தரங்கம், ஒத்தக்கடை.

முன்னுரை
மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலை அடிவாரத்தில் அமைந்த ஊர் ஒத்தக்கடை. இங்குள்ள சுவர்களில் ஒட்டப்படும் அஞ்சலிச் சுவரொட்டிகள் இறந்தவரின் ஒளிப்படம், பெயர், தோற்றம், மறைவு, உறவினர் பெயர்கள் ஆகியவற்றைத் தருகின்றன. காரணத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. ‘இயற்கை எய்தினார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘அகால மரணமடைந்தார்’ என்பன இவற்றில் பயிலும் தொடர்கள்.

மரபில் மௌனம்
நன்னூல் கூறும் தகுதி வழக்கு மூன்றனுள் மங்கலமும் ஒன்று. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது அதற்குரிய எடுத்துக்காட்டு. வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் முதலிய பாண்டியர் பெயர்கள் இறந்த இடத்தைச் சுட்டுகின்றன, காரணத்தைச் சுட்டவில்லை. மாறாக, ஆநிரைப் போரில் வீழ்ந்தவனின் காரணத்தை நடுகல் கூறுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்ததைப் புறநானூறு பேசுகிறது. புகழ் தரும் காரணம் உரைக்கப்படுவது இவற்றால் புலனாகும்.

இதில் ஓர் இடர் உண்டு. மாரடைப்பு, முதுமை ஆகியவை தயக்கமின்றிச் சொல்லப்படும் சூழலில், சொல்லாமையே ஒரு குறிப்பாகிவிடுகிறது. தற்கொலையா, எய்ட்ஸா என்னும் கேள்வி துக்க வீட்டு வாசலிலேயே எழுகிறது. எல்லா இறப்புக்கும் ஒரே தொடர் வழங்கினால்தான் மௌனம் காப்பாக அமையும். ‘இயற்கை எய்தினார்’ அவ்வாறு அமைகிறது. ‘அகால மரணம்’ என்பதோ காரணத்தைச் சொல்லாமலே வினவத் தூண்டுகிறது. காக்க வேண்டிய குடும்பத்தையே அது காட்டிக்கொடுக்கிறது.

சட்டத்தில் மௌனம்
பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் (1969) இப்பொதுமையையே கைக்கொள்கிறது. பதிவேட்டில் காரணம் இடம்பெறலாம். ஆயினும் 17ஆம் பிரிவின்படி, யாருக்கு வழங்கப்படும் இறப்புப் பதிவின் நகலிலும் அது வெளிப்படலாகாது. நற்காரணம், இழிகாரணம் என்னும் பாகுபாடு இங்கில்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, மருத்துவமனையில் நிகழும் இறப்பின் காரணச் சான்று நகலை நெருங்கிய உறவினர்க்கு வழங்கப் பணிக்கிறது. அறியும் உரிமை உறவுக்கு, அறிவிக்கும் கடமை எவர்க்குமில்லை என்பதே இவ்விரண்டின் கருத்தெனலாம்.

எல்லை
இவ்வுரிமை குற்றத்திற்குத் திரையாகாது. சாதி மறுத்துக் காதலித்த பெண்ணைக் கொன்ற குடும்பம் ‘வயிற்றுவலி’ என்று கூறி எரியூட்டினால், அங்குக் காக்கப்படுவது இறந்தவரின் மானமன்று, கொன்றவரின் நலன். பொதுவாழ்வினர் நிலையும் வேறு. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்ததையொட்டி 2017இல் ஆறுமுகசாமி ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆட்சிப் பொறுப்பிலிருந்த முதலமைச்சரின் இறப்பைப் பற்றி மக்கள் வினவியது முறையே. அவ்வினாவைத் தெருவிலுள்ள ஒரு வீட்டின் மீது ஏவுதல் முறையன்று.

முடிவுரை
காரணம் கேட்காத இரங்கலே முழுமையான இரங்கல். சுவரொட்டி எழுதுவோர் ‘அகால’ என்னும் அடையை விலக்கினால், இழந்தோர் மீது விழும் ஐயம் ஓரளவேனும் குறையும். காவல்துறைக்கும் மருத்துவர்க்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிய குடும்பம், ஊருக்குச் சொல்லக் கடமைப்பட்டதன்று.