மூடிய கதவும் வாசகர் வினாவும்: பி.ஏ. பாரிஸின் ‘பிஹைண்ட் க்ளோஸ்ட் டோர்ஸ்’ நாவல் குறித்த வாசகர் கருத்துகள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இல்லறத்தைக் களமாகக் கொண்ட உளவியல் திகில் நாவல்கள் இன்றைய ஆங்கில வெகுசன வாசிப்பில் பேரிடம் பெற்றுள்ளன. அவ்வகையைச் சார்ந்த பி.ஏ. பாரிஸின் ‘பிஹைண்ட் க்ளோஸ்ட் டோர்ஸ்’ (2016) நாவல் குறித்து வாசகர்கள் பரவலாக முன்வைக்கும் கருத்துகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கணவனின் பாத்திரம் நம்பத்தக்கதாக இல்லை என்பதும், மனைவி ஏன் தப்பிச் செல்லவில்லை என்பதும் வாசகர் கூறும் இரு முதன்மைக் குறைகள். இவற்றுள் முதலாவது பெரிதும் பொருந்துகிறது. இரண்டாவதற்கு நாவலே விடை தருகிறது. எனினும் அவ்விடையை நாவல் இறுதிவரை காக்கவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும். நாவலின் இறுதி நிகழ்வுகளும் இங்கு விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வாசக ஏற்பு, உளவியல் திகில் நாவல், இல்லற ஒடுக்குமுறை, கட்டுப்படுத்தும் நடத்தை.

முன்னுரை

ஒரு நூலின் பொருள் நூலுக்குள் மட்டும் இல்லை. வாசிப்போர் கொண்டுவரும் எதிர்பார்ப்போடு அது சேரும் இடத்தில் உருவாகிறது என்பது ஜெர்மானியத் திறனாய்வாளர் ஹன்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967 முதல் வலியுறுத்திய கருத்து. பனுவல் விட்டுச்செல்லும் இடைவெளிகளை வாசகரே நிரப்புகிறார் என்பது அவருடைய சமகாலத்தவரான வுல்ஃப்காங் ஈசரின் கருத்து. வெகுசன நாவல்களுக்கு இக்கோட்பாடுகளைப் பொருத்திப் பார்ப்பது அரிதாகவே நிகழ்கிறது. ஆயினும் திகில் நாவலைப் போல வாசகரின் எதிர்பார்ப்பை நம்பி வாழும் வகைமை வேறில்லை. ஆகவே, வாசகர் எங்கே மனநிறைவு கொள்கின்றனர், எங்கே முரண்படுகின்றனர் என்று காண்பது நாவலை மட்டுமன்றி, வாசகரின் சமூக நம்பிக்கைகளையும் வெளிப்படுத்தும்.

நாவலும் அதன் மரபும்

கணவனின் வீடே மனைவிக்கு அச்சத்தின் இடமாவது புதிய கருப்பொருள் அன்று. டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபேக்கா’ நாவலும் பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகமும் 1938ஆம் ஆண்டிலேயே தோன்றின. மனைவி தன் அறிவையே ஐயுறும்படி கணவன் செய்வதைக் காட்டிய அந்நாடகத்தின் பெயர், 1944இல் வெளிவந்த திரைப்படத்தின் வழியாகவும் பரவி, அத்தகைய வஞ்சகத்தைக் குறிக்கும் சொல்லாகவே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

பாரிஸின் முதல் நாவல் இம்மரபில் வருவது. ஹாரட்ஸ் அங்காடியில் கொள்முதல் பணி செய்யும் கிரேஸ், வழக்கறிஞர் ஜாக் ஏஞ்சலை மணக்கிறாள். கணவரால் துன்புற்ற பெண்களுக்காக வழக்காடுபவன் என்பதே ஜாக்கின் புகழ். மணமான உடனேயே அவனுடைய உண்மை முகம் வெளிப்படுகிறது. பிறரின் அச்சத்தில் இன்பம் காணும் அவன் உண்மையில் விரும்புவது கிரேஸை அன்று. டவுன் நோய்க்குறியுடன் பிறந்த அவள் தங்கை மில்லியை. மில்லி விடுதிப் பள்ளியை விட்டு அவ்வீட்டுக்கு வரும் நாள் நெருங்குகிறது. கடந்த காலம், நிகழ்காலம் என மாறி மாறி அமையும் இயல்கள் அந்நாளை நோக்கி நகர்கின்றன.

வாசகர் பாராட்டுவன

ஒரே அமர்வில் படித்து முடிக்கச் செய்யும் விரைவே இந்நாவலின் சிறப்பாக வாசகர் பலராலும் கூறப்படுகிறது. இதற்கு இயல் அமைப்பே காரணம். என்ன நடக்கிறது என்பதை நிகழ்காலமும், எவ்வாறு நடந்தது என்பதைக் கடந்த காலமும் கூறுவதால், ஒவ்வோர் இயலின் முடிவிலும் ஒரு வினா எஞ்சுகிறது. அடுத்து, மில்லியின் பாத்திரம் பலருடைய அன்புக்கு உரியதாகிறது. பரிவுக்கு உரியவளாக மட்டும் அவள் படைக்கப்படவில்லை. ஜாக்கின் இயல்பை உணர்ந்து, ஒரு நடிகரின் பெயரை அவனுக்குரிய மறைபெயராக்கி, அக்காவிடம் அவன் எதிரிலேயே உண்மையைப் பேசுகிறாள். தமக்கையின் விடுதலைக்கான மருந்தைச் சேர்த்துவைப்பவளும் அவளே. அனைவராலும் அறிவில் குறைந்தவளாகக் கருதப்படுபவளே முதலில் உண்மையை அறிகிறாள் என்பது நாவலின் சிறந்த முரண்.

அவள் ஏன் வெளியேறவில்லை?

குறை கூறுவோர் பெரிதும் எழுப்பும் வினா இது. விருந்தினர் நிறைந்த மேசையில் அமர்ந்திருக்கும் கிரேஸ் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று வாசகர் பலர் பொறுமை இழக்கின்றனர். இவ்வினா நாவலோடு முடிவதன்று. துன்புறும் பெண்ணை நோக்கிச் சுற்றத்தாரும் காவலரும் நீதிமன்றமும் கேட்டுவரும் வினாவும் இதுவே. எனவே இதற்கு நாவல் தரும் விடையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

கிரேஸ் முயலாமல் இல்லை. தாய்லாந்தில் தங்கியிருக்கும்போதே பிறர் உதவியை நாடுகிறாள். ஆனால் தன் மனைவி மனநலம் குன்றியவள் என்று ஜாக் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறான். அதன்பின் அவள் சொல்லும் ஒவ்வோர் உண்மையும் நோயின் அறிகுறியாகவே கேட்கப்படுகிறது. பணியை அவள் துறந்துவிட்டாள். பெற்றோர் நியூசிலாந்தில் இருக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தில் சிறு பிழை நேர்ந்தாலும் மில்லியைக் காணும் வாய்ப்பு பறிபோகும். விருந்து மேசையருகே பூட்டிய கதவு இல்லை. தங்கையின் மீதுள்ள அன்பே பூட்டு. இவ்விடைவெளியை அவளுடைய கோழைத்தனத்தால் நிரப்பும் வாசகர், ஜாக் பிறர் மனத்தில் விதைத்த எண்ணத்தையே தாமும் ஏற்றுக்கொள்கிறார்.

நாவல் வெளிவந்த காலமும் கருதத்தக்கது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அச்சத்தில் வைத்திருப்பதை, உடலில் காயம் இல்லாத நிலையிலும், தனிக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2015 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. கடுங்குற்றச் சட்டம் 2015இன் 76ஆம் பிரிவான அது ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை வழங்குகிறது. அடுத்த ஆண்டில் இந்நாவல் வெளிவந்தது. காயத்தைத் தேடிய சட்டம் நடத்தையை நோக்கத் தொடங்கிய அதே காலத்தில், காயமே காட்டாத ஒரு கணவனை வெகுசன நாவல் வாசகர்முன் நிறுத்தியது.

நம்பத்தக்கதா?

ஜாக் மிகைப்படுத்தப்பட்ட கொடியவன் என்னும் குறை ஏற்கத்தக்கது. சிறுவயதிலேயே தாயைக் கொன்று, பழியைத் தந்தைமேல் சுமத்தியவனாக அவன் காட்டப்படுகிறான். நிலவறையில் சிவப்பு வண்ணம் தீட்டிய அறையும் அமைக்கிறான். இங்கே நாவல் தான் கண்ட நுண்ணிய பூட்டைக் கைவிட்டு, பருமையான பூட்டை நாடுகிறது. இதன் விளைவு கலைக்குறை மட்டுமன்று. கட்டுப்படுத்தும் கணவன் என்றால் பிறவிக் கொடியவனாக இருப்பான் என்னும் எண்ணம் வாசகருக்கு ஆறுதல் தருகிறது. தாம் அறிந்த எந்த இல்லத்திலும் அத்தகையவன் இல்லை என்று அவர் நூலை மூடிவிடலாம். கைப்பேசியைப் பறித்தல், மின்னஞ்சல் முகவரியைப் பொதுவாக்கல், தோழியரைத் தனியே காணவிடாமை முதலியவற்றுக்கு நிலவறை தேவையில்லை.

எஸ்தரின் வினா

ஜாக்கை மயக்கி, அவன் அமைத்த சிவப்பு அறையிலேயே கிரேஸ் பூட்டிவிட்டுத் தாய்லாந்து செல்வதும் அவன் அங்கேயே இறப்பதும் வாசகருக்கு நிறைவளிக்கின்றன. இறுதியில், அண்மையில் அறிமுகமான எஸ்தர், மில்லியின் அறை என்ன வண்ணம் என்று மட்டும் கேட்கிறாள். விடையைப் பெற்றதும் கிரேஸைக் காக்கும் சாட்சியாகிறாள். சிறு சிறு முரண்களைக் கவனித்துவந்த ஒருத்தி, சான்று கேளாமல் நம்புகிறாள். நாவலின் உயர்ந்த இடம் இதுவே.

ஆயினும் இந்நிறைவைச் சற்று ஐயுறவும் வேண்டும். 2010இல் கணவரைக் கொன்ற சாலி சாலன், 2011இல் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவருடைய மணவாழ்வின் ஒடுக்குமுறையும் மனநிலை பற்றிய புதிய மருத்துவச் சான்றும் மேல்முறையீட்டில் முன்வைக்கப்பட்டு, 2019இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் குற்ற ஒப்புதலை ஏற்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் சிறையில் இருந்திருந்தார். நாவலில் ஒரு வினாவில் கிடைக்கும் நம்பிக்கை, வாழ்வில் அத்துணை ஆண்டுகளைக் கேட்கிறது.

முடிவுரை

இந்நாவலின் விரைவையும் மில்லியையும் வாசகர் பாராட்டுவது தகும். ஜாக்கின் மிகையைக் குறித்த அவர்தம் குறையும் தகும். ஆனால் அவள் ஏன் வெளியேறவில்லை என்னும் வினா, பனுவலின் குறையைவிட வாசகரின் எதிர்பார்ப்பையே மிகுதியாகக் காட்டுகிறது. அவ்வினாவை எழுப்பும் வாசகர் விருந்து மேசையில் ஜாக்கை நம்பிய பிறரோடு அமர்கிறார். எஸ்தர் அவர்களிடமிருந்து விலகி நிற்கிறாள். அவன் அவளை எவ்வாறு வெளியேற விடாது செய்தான் என்று வினா மாறும்போதே இவ்வகை நாவல் பொழுதுபோக்கைக் கடந்த பயனைத் தரும். இவ்வகைமையைச் சார்ந்த பிற நாவல்களையும் வாசகர் வினாக்களின் வழி ஆராய்வது மேலும் பயன் தரும்.