உடையாரும் உடைமையும்
பத்தூர் வழக்குத் தீர்ப்பின் ஆராய்ச்சி

பெரிய காஞ்சிபுரத்தின் மேல்பால் விளங்கும் கயிலாசநாதர் திருக்கோயிலைத் தரிசிப்பார் பலர். ஆங்கு மண்டபத் தூணொன்றிற் பொறித்துள்ள கன்னடக் கல்வெட்டினைக் கருதுவார் சிலரே. 8ஆம் நூற்றாண்டிற் காஞ்சியை வென்று புகுந்த சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இராசசிம்மேச்சரத்துப் பெருஞ்செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே மீள விடுத்தான் என்பது அதன் செய்தி. பல்லவனை வென்றவன் பல்லவன் பொருளைக் கொள்ளலாம்; சிவபிரான் பொருளைக் கொள்ளலாகாது என்னுந் தெளிவு பகைவேந்தனுக்கும் இருந்தது. அதனைக் கல்லில் எழுதிவைத்தமையால் இன்றும் அது சான்றாக நிற்கின்றது. உரிமை வேறு, உரிமைக்குச் சான்று வேறு என்பதை இக்கல்வெட்டால் உணரலாம். இவ்விரண்டினையும் உளங்கொண்டு, களவுபோன திருமேனிகளைப்பற்றி எழுந்த வழக்குக்களுள் தலைமைபெற்ற பத்தூர் நடராசர் வழக்கின் தீர்ப்பை ஈண்டு ஆராய்வாம்.

வழக்கின் வரலாறு இது. இப்போது திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்த பத்தூரில், விசுவநாத சுவாமி திருக்கோயில் சிதைந்து கிடந்தது. 1976ஆம் ஆண்டில் அதன் பாங்கரில் மண் தோண்டிய கூலியாளர் ஒருவர் நடராசத் திருமேனியைக் கண்டெடுத்தார். அது பலர் கைமாறிக் கடல் கடந்து, 1982இல் இலண்டனில் பம்பர் என்னுங் கனடா நாட்டு நிறுவனத்தாரால் விலைக்கு வாங்கப்பெற்றது. விற்ற வணிகர் காட்டிய பூர்வ வரலாறு பொய்யென்பது பின்னர்ப் புலனாயிற்று. செப்பனிடக் கொடுத்திருந்த காலத்து இலண்டன் காவற்றுறையினர் அதனைக் கைப்பற்ற, நிறுவனத்தார் வழக்கிட்டனர். எதிர்நின்று உரிமை கோரினோர் இந்திய அரசினர், தமிழ்நாட்டரசினர், கோயிலின் தக்கார், கோயில், இறுதியில் அக்கோயிற் சிவலிங்கப் பெருமான் ஆகிய ஐவர். 1988இல் உயர்நீதிமன்றம் நம் பக்கந் தீர்ப்பளித்தது. 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை நிலைநிறுத்த, அவ்வாண்டிலேயே திருமேனி தாயகம் மீண்டது.

இனி, நிறுவனத்தார் நிலைக்குச் சார்பாகக் கூறத்தக்க தடைகள் மூன்று. அவற்றை முறையே நோக்குவாம்.

முதற்றடை: யாங்கள் நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கினோம் என்பது. இதற்கு விடை எளிது. திருடனுக்கு இல்லாத உரிமையைத் திருடனிடம் வாங்கினவன் பெறுமாறு யாங்ஙனம்? வாங்கினவன் கள்ளனல்லன் என்பது அவனைத் தண்டனையினின்றுங் காக்கும். பொருளுக்கு உடையவன் ஆக்காது.

இரண்டாந் தடை: பாழ்பட்ட கோயிலுக்கு உடையவர் எவர் என்பது. இத்தடையே ஆழமுடையது. பூசையில்லை, மதிலில்லை, வழக்காட வருவோர் யாவர்? உயர்நீதிமன்றம் இதற்குக் கூறிய விடையாவது, 12ஆம் நூற்றாண்டில் நிலங்கொடுத்துக் கோயிலெடுத்தவனுடைய பத்திக் கருத்து அழியாது, எஞ்சிநின்ற சிவலிங்கத்தில் உருக்கொண்டு நிலவுகின்றது என்பதாம். மேல்முறையீட்டு மன்றம், இந்தியச் சட்டத்தைப் பேணும் நன்மதிப்புப்பற்றிக் கோயிலையே வழக்காடியாக ஏற்றது. இதற்கு முன்னரே, 1925இல் இலண்டன் பிரிவி கவுன்சில், கல்கத்தாக் குடும்பமொன்றின் வழிபாட்டு மூர்த்தியைப்பற்றிய வழக்கில், மூர்த்தி வெறும் அசையும் பொருளன்று, சட்டத்தின்முன் உரிமையுடைய ஒருவரே எனத் துணிந்துள்ளது.

நம் முன்னோர்க்கு இது புதிதன்று. சோழர் காலத்துக் கோயில் நிலங்களின் விலையும் கொடையும் சண்டேசுவரர் பெயராலே நிகழ்ந்தன. சிவபிரான் உடையார், சண்டேசுவரர் அவர்தம் உடைமைக்குக் கண்காணி. அச்சந்நிதியில் கைதட்டி, சிவன் சொத்து யாதும் கொண்டேகவில்லை எனக் காட்டும் வழக்கம் இன்றும் உளது. மண்ணில் மறைந்திருந்தமை உரிமையைக் கைவிட்டமையுமாகாது. படையெடுப்புக் காலங்களில் திருமேனிகளை நிலத்துட் புதைத்துக் காத்தல் இந்நாட்டு வழக்காறு; புதைத்தவன் காத்தவனே.

மூன்றாந் தடை: இலண்டனிற் கிடைத்ததும் பத்தூரிற் கிடைத்ததும் ஒன்றே என்பது எவ்வாறு என்பது. பத்தூர் நடராசருக்கு அங்கிருந்தபோது எடுத்த படமில்லை. அளவு குறித்த ஏடுமில்லை. ஆயினும் அவ்விடத்திலேயே பின்னர்ப் பிற திருமேனிகள் கிடைத்தன. அவற்றின் சிற்பவமைதியோடு இதன் அமைதியை ஒப்பிட்டு டாக்டர் இரா. நாகசாமி சான்று பகர்ந்தார். திருமேனிகளிற் படிந்திருந்த மண்ணும், கறையான் ஓடிய தடங்களும் ஒப்பு நோக்கப்பெற்றன. செல்லும் பூமியும் சாட்சி கூறினவெனலாம்.

இத்துணையும் தீர்ப்பின் சிறப்பு. இனி அதன் குறைபாடு கூறுவாம். கொடையாளனது கருத்தே இலிங்கத்தில் உருப்பெற்றதென்பது உலகியற் சட்டத்துக்குப் போதும்; சைவர்க்குப் போதாது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே வழிபடுமாறு விதிக்கின்றது. திருமேனியிற் பதிந்திருப்பது இறந்தவொருவனது எண்ணமன்று. உயிர்கள் உய்தற்பொருட்டு இறைவன் எழுந்தருளிநிற்கும் அருளே. நீதிபதிகள் இதனைக் கூறவில்லையென யாம் அவரைக் குறைகூறவில்லை; அஃது அவர் மன்றத்துக்கு உரியதன்று. ஆயின் இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. கொடையாளன் கருத்தே பொருளென்றால், திருமேனி அரசினர் பாதுகாப்பறையை அடைந்தவுடன் வழக்கு முடிந்தது. இறைவன் அருளே பொருளென்றால், அபிடேகமும் தீபாராதனையும் நிகழுங்காறும் வழக்கு முடிந்ததன்று. மீண்டுவந்த மூர்த்திகள் பல தம் கோயிலுக்கு ஏகாது பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பெறுதலை நோக்குமிடத்து இவ்வுண்மை விளங்கும். களவஞ்சி அவ்வாறு வைத்தல் தகுமெனின், அவ்வச்சத்தைப் போக்குதல் யார் கடன் என வினாவுதல் வேண்டும்.

நிற்க. ஆண்டவன் பொருளை ஆண்டவனே மீட்டுக்கொள்வான் என்று சும்மா இருப்பாரும் நம்முள் உளர். சிவன் சொத்து குலநாசம் என்னும் பழமொழி கள்வனை அச்சுறுத்துமே யன்றி மன்றத்திற் சான்றாகாது. காஞ்சிக்கே இதில் ஒரு பாடம் உண்டு. இப்பகுதிக்குரியனவாய் 10ஆம் நூற்றாண்டிற் செதுக்கப்பெற்ற யோகினிச் சிலைகளைப் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1926ஐ ஒட்டித் திரட்டினார். பாரிசு வணிகர் சி. டி. லூ வாயிலாக அவை பல நாடுகளுக்குச் சென்றன. பாரிசு, இலண்டன், வாசிங்டன் முதலிய நகரங்களின் காட்சிச்சாலைகளில் அவை இன்று தனித்தனியே நிற்கின்றன; சென்னை அருங்காட்சியகத்தில் எஞ்சியனவுமுள. பத்மா கைமல் 2012இல் இவற்றைப்பற்றித் தனிநூலே எழுதியுள்ளார். இவை இருந்த கோயில் எதுவெனத் துணியப்படவில்லை. பத்தூரில் இடிந்த கோயிலும் இலிங்கமும் எஞ்சின. ஈண்டு உரிமை கோரி நிற்கக் கோயிலே இல்லை.

திருப்புறந்தான் நடராசர் வரலாறு இதன் மறுதலை. பூசையின்றிப் பூட்டிக்கிடந்த கோயிலில் 2006இற் களவுபோன அப்பெருமானைக் காணோமென்பது 2008இலேதான் வெளிப்பட்டது. அவ்வாண்டே ஆஸ்திரேலிய தேசியக் காட்சிச்சாலையார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து அதனை வாங்கினர். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்துவைத்திருந்த படம் களவை வெளிப்படுத்த, 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே திருமேனியைத் திருப்பியளித்தார். இலண்டனில் ஆண்டுக்கணக்கில் வழக்காடி நிறுவிய ஒருமையை ஈண்டு ஒரு படம் நிறுவிற்று.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் ஒவ்வொரு செப்புத் திருமேனியையும் முழத்தாலும் விரலாலும் அளந்து, கைகளின் எண்ணிக்கை முதலாகக் குறித்துள்ளன. ஆயிரம் ஆண்டின் முன் அவர் கல்லிற் செய்ததை யாம் தாளிலேனும் செய்தல் வேண்டாவா? ஆகலின், ஊர்தோறுமுள்ள சைவ அன்பர்கள் தத்தம் கோயிலிற் செய்யத்தக்கன இவை: ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பீடமுந் தெரியப் படமெடுத்தல், உயரமும், திருவாசியின் குறைவு, விரலின் தேய்வு முதலிய தனியடையாளங்களும் எழுதுதல், அவ்வேட்டின் படிகளைக் கோயிலுக்குப் புறத்தே ஈரிடங்களில் வைத்தல். இவற்றினும் மேலாக, ஒருகாலப் பூசையேனும் தவறாது நடத்தல் வேண்டும். நாடோறும் விளக்கேற்றுங் கோயிலிற் பெருமானைக் காணோமென்பது மறுநாளே தெரிந்துவிடும்; ஈராண்டு மறைந்திராது.

கைதட்டிச் சண்டேசுவரரிடம் விடைபெறும் நாம், நம் கை வெறிது எனக் காட்டுவதோடு அமையாது, அவர் கணக்கும் நிறைவு என்று சொல்லத்தக்க நிலையில் நிற்றல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.