பனுவல் சொல்லாத விடை: போர்ஹெர்ட்டின் ‘ரொட்டி’ சிறுகதையும் ஜெர்மன் வாசிப்புப் புரிதல் வினாக்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஜெர்மன் மொழி வகுப்புகளில் பரவலாகப் பயிலப்படும் வோல்ஃப்காங் போர்ஹெர்ட்டின் ‘ரொட்டி’ என்னும் சிறுகதையை முன்வைத்து, வாசிப்புப் புரிதல் வினாக்கள் இலக்கியப் பனுவலை அணுகும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. கதைசொல்லி கூறும் காரணத்தையும் கதைமாந்தர் கூறும் காரணத்தையும் பிரித்தறியாத ‘ஏன்’ வினா, சொற்களை மட்டும் பொறுக்கியெடுக்கும் மாணவருக்கு மதிப்பெண் அளித்துக் கதையை இழக்கச்செய்கிறது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: போர்ஹெர்ட், ஜெர்மன் சிறுகதை, வாசிப்புப் புரிதல், வெற்றிடம், அயற்கூற்று

முன்னுரை

போர்ஹெர்ட் 1921இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். 1947 நவம்பர் 20 அன்று பாசல் நகரில் இறந்தார். அவருடைய ‘கதவுக்கு வெளியே’ நாடகம் ஹாம்பர்க் மேடையேறியது அதற்கு மறுநாள். ‘ரொட்டி’ 1946இல் எழுதப்பட்டு அவ்வாண்டிலேயே நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. அச்சில் இரண்டு பக்க அளவே உடைய இக்கதையின் தொடர்கள் குறுகியவை. சொற்கள் அன்றாட வழக்கின. தொடக்கநிலையைக் கடந்த மாணவர் அகராதியின் துணை அதிகமின்றி இதனைப் படித்துவிடலாம். பாடநூல் தொகுப்பாளர்கள் இதனை விரும்புவதற்கு அதுவே காரணம் எனலாம். எனினும் சொல் எளிமையாக இருப்பதால் பொருளும் எளிமையானது என்று கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கதை இதுதான். நள்ளிரவு கடந்த நேரத்தில் ஒரு பெண் விழிக்கிறாள். சமையலறையில் நாற்காலி இடறிய ஒலி. அருகில் படுக்கை வெறுமை. எழுந்து செல்கிறாள். கணவன் அங்கே நிற்கிறான். மேசையில் ரொட்டித் தட்டு, கத்தி. நாள்தோறும் இரவில் அவள் துடைத்து வைக்கும் மேசைவிரிப்பில் துணுக்குகள். ஏதோ ஓசை கேட்டது போலிருந்தது, அதனால் வந்தேன் என்கிறான் அவன். அவளும் அதற்கு இசைந்து, வெளியே கூரைநீர்க் குழாய் காற்றில் மோதியிருக்கும் என்று சொல்லி விளக்கை அணைக்கிறாள். படுத்தபின் இருளில் அவன் மெல்லும் ஒலியைக் கேட்கிறாள். மறுநாள் மாலை, வழக்கமாக மூன்று துண்டுகள் உண்பவனுக்கு நான்கு துண்டுகளை எடுத்துவைக்கிறாள்.

தகவல் வினாக்கள்

இக்கதைக்கு எழுப்பப்படும் வினாக்களில் முதல்வகை தகவல் சார்ந்தது. அவள் எத்தனை மணிக்கு விழித்தாள்? கணவனின் வயது என்ன? மணமாகி எத்தனை ஆண்டுகள்? இவற்றுக்கு விடைகள் பனுவலில் வெளிப்படையாக உள்ளன: இரண்டரை மணி, 63 வயது, 39 ஆண்டுகள். முதல் விடையில் மட்டும் தமிழ் மாணவர் இடறக்கூடும். ஜெர்மானியர் இரண்டரையை ‘ஹால்ப் திரை’, அதாவது ‘அரை மூன்று’ என்பர். மூன்றை நோக்கிய அரை என்பது பொருள். நம் ‘மூன்றரை’ வழக்கில் ஊறியவர் ஒருமணி நேரம் பிந்திவிடுவார். இத்தகைய வினாக்களைக் குறைகூறுவதற்கில்லை. நிகழ்ந்தது இன்னதென அறியாமல் நுண்பொருளைப் பேச இயலாது.

‘ஏன்’ என்னும் வினா

அடுத்த வகையே ஆராயத்தக்கது. ‘அப்பெண் கணவனுக்கு ஏன் ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்தாள்?’ என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். இது தவிர்க்கவியலாத வினா. கதையே அதற்காகத்தான் எழுதப்பட்டுள்ளது. மாணவர் பனுவலுக்குத் திரும்புகிறார். இந்த ரொட்டி தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அவளே அங்கே கூறுகிறாள், அதுவும் ஒருமுறைக்கு மேல். ‘வைல்’ என்னும் காரண இணைப்புச் சொல்லை முன்னிட்டு, வினைச்சொல்லைத் தொடரின் இறுதிக்கு நகர்த்தி, ‘அவளுக்கு ரொட்டி ஒத்துக்கொள்ளாததால்’ என்று மாணவர் எழுதிவிடுகிறார். இலக்கணம் பிழையற்றது. பனுவலில் சான்றும் உண்டு. விடையோ முற்றிலும் தவறு.

அது ஏன் தவறு என்பதைப் பனுவலின் தொடரமைப்பே காட்டுகிறது. போர்ஹெர்ட்டின் கதைசொல்லி காரணம் கூறத் தயங்குபவர் அல்லர். இரவில் அவள் கணவனை ஏன் நோக்கவில்லை என்பதற்கு, அவன் பொய்யுரைப்பதைத் தாங்க முடியாமையே காரணம் என்று நேரடியாகச் சொல்கிறார். படுக்கையில் அவள் ஏன் வேண்டுமென்றே ஆழ்ந்து, சீராக மூச்சுவிட்டாள் என்பதற்கும், தான் விழித்திருப்பதை அவன் அறியக்கூடாது என்று நோக்கப்பொருள் தரும் ‘டமிட்’ இணைப்பால் விடையளிக்கிறார். இவ்வாறு இரண்டிடங்களில் காரணத்தையும் நோக்கத்தையும் தாமே எடுத்துரைத்தவர், நான்காவது துண்டிடம் வந்ததும் வாய்மூடிக்கொள்கிறார். அங்கே கதைசொல்லியின் ‘வைல்’ இல்லை, ‘டமிட்’ இல்லை. அவள் கூற்று மட்டுமே உண்டு. முந்திய இரவில் அவள் கண்டதையும் கேட்டதையும் உடனிருந்து அறிந்த வாசகர், அக்கூற்றை நம்ப வேண்டியதில்லை. ‘வைல்’ இட்டு அதனை உண்மைக் காரணமாக்கும் மாணவரோ, அறியாமலேயே அப்பொய்க்குத் தாமே பிணைநிற்கிறார்.

நன்னூலார் வகுத்த எண்வகை விடைகளுள், உண்பாயா என்றால் வயிறு வலிக்கும் என்பது போன்ற விடை ‘உறுவது கூறல்’ எனப்படும். கணவன், இரண்டு துண்டுகள் மட்டும் உனக்குப் போதாதே என்று மறுக்கும்போது, மாலையில் ரொட்டி தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அவள் தரும் விடை வடிவால் அவ்வகையினது. அவ்விடையின் தொடக்கத்தில் ‘டோக்’ என்னும் சொல் நிற்கிறது. எதிர்மறையாகக் கூறப்பட்டதை மறுத்து உடன்பாடாக்கும் இச்சொல்லுக்கு நிகரான ஒற்றைச்சொல் தமிழில் இல்லை. ‘இல்லை, போதும்’ என்று சுற்றிவளைத்தே சொல்ல வேண்டும். அவன் குற்றவுணர்வோடு எழுப்பும் தடையை ஓரசையில் அகற்றிவிடும் சொல் அது. தொடர்ந்து, வடஜெர்மன் பேச்சுவழக்குக்குரிய ‘மான்’ என்னும் இடைச்சொல்லோடு ‘சாப்பிடு’ என்கிறாள். ஏவலின் கடுமையைக் கரைத்துவிடும் அவ்விடைச்சொல்லைப் பாடநூல்கள் வட்டார வழக்கு என்று அருஞ்சொற்பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்வது பொருத்தமன்று. கதையின் அன்பு முழுவதும் அவ்விரு சிறுசொற்களில் தங்கியுள்ளது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

‘பனுவல் இதுபற்றி ஒன்றும் கூறவில்லை’

ஜெர்மன் தேர்வுமரபில் புகழ்பெற்ற வினாவடிவம் ஒன்றுண்டு. டெஸ்ட்டாஃப் தேர்வின் தாள்வழி வடிவில், மூன்றாம் வாசிப்புப் பகுதியின் கூற்றுகளுக்கு ‘ஆம்’, ‘இல்லை’, ‘பனுவல் இதுபற்றி ஒன்றும் கூறவில்லை’ என்னும் மூன்றனுள் ஒன்றைத் தெரிவுசெய்தல் வேண்டும். அறிவியல், இதழியல் பனுவல்களுக்கு இது தக்க கருவியே. தம் முன்னறிவைப் பனுவலின்மேல் ஏற்றும் வாசகரை அது தடுக்கிறது. இதே வடிவத்தை ‘ரொட்டி’க்குப் பொருத்திப் பார்க்கலாம். ‘ரொட்டி ஒத்துக்கொள்ளாததால் அவள் ஒரு துண்டைக் கொடுத்தாள்’ என்பது கூற்று. ‘ஆம்’ என்பவர் ஏமாந்தார். ‘இல்லை’ என்பவர் சரியாக உணர்ந்தார். ஆனால் சான்றாக ஒரு வரியைச் சுட்டிக்காட்ட அவரால் இயலாது. மூன்றாவதைத் தெரிவுசெய்பவர் விதிப்படி வென்றவர். கதையில் அவருக்கு ஒன்றும் நிகழவில்லை.

வோல்ஃப்காங் ஈசர் 1970இல் வெளியிட்ட ‘பனுவல்களின் அழைப்பமைப்பு’ என்னும் உரையில், இலக்கியப் பனுவலின் வெற்றிடங்களே வாசகரை உள்ளிழுப்பவை என்று வாதிட்டார். ஆயினும் எல்லா மௌனமும் வெற்றிடமன்று. இரவில் அவர்கள் எவ்வூரில் இருந்தனர் என்பதும் பனுவலில் இல்லை, அது பொருட்டன்று. எது பொருளுடைய மௌனம் என்பதை அறிய ஓர் அளவுகோல் வேண்டும். கதை வேறிடத்தில் செய்து காட்டியதை ஈண்டுச் செய்யாமல் விடுகிறதா என்று பார்ப்பது அவ்வளவுகோலாகலாம். கதை பெரும்பாலும் மனைவியின் கண்ணாலும் காதாலும் நகர்கிறது. ஆனால் கணவனின் மனமும் திறக்காமலில்லை: இரவுடையில் அவள் மிகவும் முதியவளாகத் தெரிகிறாள், தலைமுடியால் இருக்கலாம் என்று அவன் எண்ணுவது நமக்குக் கேட்கிறது. அவனுக்குள் புகமுடிந்த கதைசொல்லி, மறுநாள் மாலை புக மறுக்கிறார். தட்டின்மேல் ஆழக் குனிந்து நிமிராமல் உண்பவன், அவள் அறிந்துவிட்டாள் என்பதை அறிந்தானா? பனுவல் சொல்லவில்லை. இதற்கு ‘ஆம், வெட்கத்தால் குனிந்தான்’ என்று விடைக்குறிப்பில் அச்சிடும் ஆசிரியர், போர்ஹெர்ட் மூடிய கதவைத் தாமே திறந்துவிடுகிறார். அவ்வாறு படிப்பதற்கு இடமுண்டு. அதனை ஒரே விடையாக்குவதற்கு இடமில்லை.

வரலாற்றுப் பின்புலமும் இத்தகையதே. போர், பங்கீடு, ஆண்டு எதுவும் கதையில் குறிக்கப்படவில்லை. பங்கீட்டு அட்டையோடு வாழ்ந்த 1946ஆம் ஆண்டின் நாளிதழ் வாசகருக்கு ஒரு துண்டின் எடை தெரியும். இன்றைய மாணவருக்கு அதனை முன்கூட்டியே கூறுதல் ஆசிரியரின் கடமை. அதைப் பனுவலிலிருந்து கண்டுபிடிக்குமாறு வினவுவதோ முறையன்று.

வினாவை மாற்றுதல்

ஐரோப்பிய மொழித்திறன் பொதுச் சட்டகத்தின் 2020ஆம் ஆண்டுத் துணைத்தொகுதி, படைப்பிலக்கியத்துக்கு வாசகர் தரும் எதிர்வினைக்கும் திறனாய்வுக்கும் தனி அளவீடுகளை வகுத்துள்ளது. வரவேற்கத்தக்கதே. எனினும் எதிர்வினை என்றதும் ‘அப்பெண்ணின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?’ என்று தாவும் வழக்கம் உண்டு. அது கதையை விட்டு ஓடும் வினா. அதைவிட மொழிக்குள்ளேயே நிற்கும் வினா பயனுடையது: ‘தான் கொடுப்பதற்கு அவள் என்ன காரணம் கூறுகிறாள்? கதைசொல்லி அக்காரணத்தை உறுதிப்படுத்துகிறாரா?’

இவ்வினாவுக்கு ஜெர்மனில் விடையெழுத, அயற்கூற்றுக்குரிய கொன்யுங்டிவ் வினைவடிவம் தேவைப்படும். அவ்வடிவம் கூறியவருக்கும் எழுதுபவருக்கும் இடையே ஒரு தொலைவை வைக்கிறது. ‘ஒத்துக்கொள்ளாதாம்’ என்பதில் நம் ‘ஆம்’ ஈறு செய்யும் பணி அதனோடு நெருங்கியது. இடைநிலை மாணவர் பெரிதும் அஞ்சும் இலக்கணக்கூறு இது. செய்தியறிக்கைகளைத் திருப்பியெழுதும் பயிற்சிகளில் அதன் பயன் மாணவருக்கு எளிதில் விளங்குவதில்லை. இங்கோ அவ்வடிவமின்றி விடையே இல்லை.

கதையின் கடைசித் தொடரில், விளக்கிலிருந்து விலகிச் சென்ற அவள் சிறிதுநேரம் கழித்தே அதன்கீழ் மேசையருகே அமர்கிறாள். அந்தச் சிறிதுநேரம் எதற்கு என்று கதைசொல்லி கூறவில்லை. வினாத்தாளில் அதற்கெதிரே எத்தனை வரி இடம்விடலாம் என்பதைக் கணவன் உண்டு முடிக்கும் நேரத்தைக் கொண்டே ஆசிரியர் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.