சுத்தியல் வெட்டும் கெஸ்கட்

கல்முனைப் பக்கம் பழைய காரை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டுகிறவர்கள் உண்டு. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழசுக்கு மவுசு வேறு கூடியிருந்தது. தண்ணிப் பம்பின் கெஸ்கட் கிழிந்துவிட்டதா? கெஸ்கட் தாளைப் பம்பின் முகத்தில் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். முதலில் போல்ட் ஓட்டைகள். அவற்றில் போல்ட்டைச் செருகிவிட்டால் தாள் நகராது. பிறகு ஓரங்கள். உலோக விளிம்பே தாளை வெட்டித் தரும். கத்தரிக்கோலுக்கு வராத பொருத்தம்! அலுமினியம் என்றால் தட்டு இன்னும் மெதுவாக. முகத்தில் ஒட்டிய பழைய தாளைக் கீறல் விழாமல் சுரண்டுவதுதான் பாதி வேலை, என் கணக்கில். ஹெட் கெஸ்கட்டில் மட்டும் இந்த வித்தை வேண்டாம், காக்கா. சிலிண்டரின் சூட்டையும் அழுத்தத்தையும் தாள் தாங்காது. புதிதே வாங்கிப் போடுங்கள்.