மிதிவண்டிக்கு எடைதான் இலக்கணமா?

நெடும் பயணத்துக்கு மிதிவண்டி வாங்கச் செல்பவர் கடையில் முதலில் என்ன செய்கிறார்? வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார். இலேசாக இருந்தால் முகம் மலர்கிறது. கனமாக இருந்தால் அடுத்த வண்டிக்குப் போகிறார். பந்தய வண்டியே சிறந்த வண்டி, எடை குறையக் குறைய நல்லது என்பது பரவலான கருத்து. இக்கருத்தில் பாதிதான் உண்மை. மறுபாதி பணத்தை மட்டுமின்றி முழங்காலையும் பதம் பார்க்கும். ஆகவே சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் எடை 65 கி.கி., வண்டி 12, சாமான்கள் 8 என்று கொள்வோம். மொத்தம் 85. மேட்டில் ஏறும்போது உங்கள் கால்கள் தூக்க வேண்டியது வண்டியை மட்டுமன்று, இந்த 85 கிலோவையும்தான். மிகுந்த செலவு செய்து 9 கி.கி. வண்டி வாங்கினால் மிச்சம் 3 கி.கி.; அதாவது சுமார் 3.5 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறையும். சமதரையில் காற்றுத் தடையே பெரிதாகையால் அந்த ஆதாயமும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அதே 3 கிலோவைச் சாமான்களில் குறைத்தால் பலன் அதுவே; செலவு இல்லை. 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, முன்சக்கரம் பெருத்த பழைய வகை மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார் தாமஸ் ஸ்டீவன்ஸ். அவர் பையில் இருந்தவை காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவையே.

வண்டியின் எடை ஒரு பொருட்டே அன்று என நான் கூறவில்லை. 1894இல் பாஸ்டனிலிருந்து உலகப் பயணம் புறப்பட்ட ஆனி லண்டன்டெரி, சுமார் 19 கி.கி. எடையுள்ள வண்டியைச் சிகாகோவில் கைவிட்டு, அதில் பாதி எடையுள்ள வண்டிக்கு மாறினார். அது நல்ல முடிவு. ஆனால் 19லிருந்து 12க்கு வருவது வேறு. 12லிருந்து 9க்கு வரப் பெரும்பணம் கொடுப்பது வேறு.

அந்தப் பணத்தைவிடக் கவனிக்க வேண்டியது கியர். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறுகிறீர்கள், நிமிடத்துக்கு 133 மீட்டர். பந்தய வண்டிகளில் பல்லாண்டுகள் வழங்கிவந்த 39 பல் முன்சக்கரமும் 25 பல் பின்சக்கரமும் இருந்தால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 3.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 40 சுற்றுகள். முன்னால் 28, பின்னால் 32 பற்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.84 மீட்டர், நிமிடத்துக்கு 72 சுற்றுகள். வேகம் ஒன்றே, செய்யும் வேலையும் ஒன்றே. ஆனால் முதல் வண்டியில் ஒவ்வொரு மிதியிலும் காலின் அழுத்தம் ஏறக்குறைய 1.8 மடங்கு. நாள் முழுதும் இதைத் தாங்க வேண்டியது முழங்கால்தான்.

இது பழைய வழக்கு. பிரான்சில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய போல் த வீவி (1853–1930), 1887இல் தாம் தொடங்கிய இதழில், பயணிக்குப் பல கியர்கள் வேண்டும் என ஓயாது வாதாடினார். 1903 முதல் டூர் த பிரான்ஸ் போட்டியை நடத்திய ஆன்றி தெகிராஞ்சு அதை ஏற்கவில்லை. சங்கிலியைப் பல் மாற்றும் கருவி அப்போட்டியில் அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். தெகிராஞ்சு பக்கமும் ஒரு நியாயம் உண்டு: போட்டி என்பது ஆளின் வலிமையைச் சோதிப்பது. ஆனால் பயணி யாருக்கும் சோதனை கொடுக்கப் போகவில்லை. மறுநாள் காலையிலும் அவர் வண்டி மிதிக்க வேண்டும்.

ஒல்லியான டயரே வேகமானது என்பதும் பந்தயச் சாலை தந்த நம்பிக்கை. கரடான சாலையில் வண்டியும் உடலும் குலுங்கும்போது, முன்னே செல்ல உதவ வேண்டிய சக்தியில் ஒரு பகுதி அக்குலுக்கத்திலேயே வீணாகிறது. 35 முதல் 40 மி.மீ. அகல டயருக்குக் குறைந்த காற்றழுத்தம் போதும். சிறு மேடுபள்ளங்களை டயரே விழுங்கிவிடும். கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கிப் பஞ்சராவதும் குறையும்.

பின்சக்கரத்தில் 24 கம்பிகளுக்குப் பதில் 36 இருந்தால் கூடும் எடை சுமார் 80 கிராம்தான். சாமான் பாரத்தில் கம்பி அறுந்து, ஊரில்லாத சாலையில் நிற்பதைவிட அந்த 80 கிராம் மேல். பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் உள்ள தூரம் 45 செ.மீ. அளவில் இருக்கட்டும், பந்தய வண்டிகளின் 41 செ.மீ. தூரத்தில் குதிகால் பையில் இடிக்கும். காரியர் பொருத்தத் திருகு துளைகள் வேண்டும். பைகளைத் தாழ்வாக, இருபுறமும் சமமாகத் தொங்கவிடுங்கள். முதுகில் சுமக்காதீர்கள்.

ஆகவே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது வண்டியைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன், குனிந்து பற்களை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரங்களில் மிகச் சிறியது, பின்சக்கரங்களில் மிகப் பெரியதைவிடப் பற்கள் குறைந்ததாக இருக்கிறதா? இருந்தால் அந்த வண்டி மலையை அறிந்த வண்டி. பிறகு வேண்டுமானால் தூக்கிப் பாருங்கள்.