கதை சொல்கிறவர் எங்கே போனார்?

அனந்தபுரத்தில் எங்கள் பெரியம்மா வீட்டு மர பீரோவின் அடித்தட்டில் ஐந்து தடித்த பைண்டு புத்தகங்கள் இருக்கின்றன. அவருடைய அப்பா 1950 முதல் 1954 வரை 'கல்கி'யிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்து, சேர்த்துவைத்துக் கட்டிய 'பொன்னியின் செல்வன்'. முதல் பாகத்தின் முதுகில் காலிகோ துணி போய் நூல் தெரிகிறது. மணியம் வரைந்த குந்தவையின் கொண்டைக்குப் பின்னால் மறுபக்கத்து எழுத்து மங்கலாக ஊறித் தெரியும். ஒரு வாரத்து இதழ் தபாலில் தவறிப்போயிருக்கிறது. அந்த அத்தியாயத்தை யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையால் முழுக்க எழுதிச் சேர்த்திருக்கிறார் தாத்தா. கையெழுத்து ஒரு இடத்தில்கூடத் தளரவில்லை.

மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. அந்த வாரமே பெரியம்மாவை விழுப்புரத்துக்கு அழைத்துப்போனேன். எழுபதைத் தாண்டியவர், இடைவேளையில்கூட எழுந்திருக்கவில்லை. திரும்பும் பேருந்தில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், எங்கள் ஊர் நிறுத்தம் நெருங்கியபோதுதான் வாய் திறந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்க. அவரு மட்டும் எங்கடா?"

"யாரு பெரியம்மா?"

"கல்கிதான்."

நாவல் படமாகும்போதெல்லாம் தமிழில் நாம் போடும் சண்டை பாத்திரங்களைப் பற்றியது. இந்த முகம் பொருந்துகிறதா, அந்தக் காட்சி ஏன் இல்லை, முடிவை ஏன் மாற்றினார்கள். பெரியம்மா கேட்டது வேறு. கதையைச் சொன்னவருடைய குரல் திரையில் எங்கே போகிறது? எழுபது எண்பது ஆண்டுகளாகத் தமிழில் நாவலிலிருந்து வந்த படங்களை அந்தக் கேள்வியோடு திரும்பப் பார்த்தேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்கு அகப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு நாவலைவிட வயது அதிகம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் கொடி தெரிகிற தூரத்தில் பிறந்த எவருக்கும் முதல் கதை தேசிங்குதான். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபதுகளின் தொடக்கத்திலேயே விழுந்த தேஜ்சிங்கை மக்கள் தேசிங்குராஜனாக்கிப் பாட்டில் ஏற்றினார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகவும் சந்தையில் விற்ற கதை. பாராசாரிக் குதிரையை அடக்கியதும், கல்யாணப் பந்தலிலிருந்து அப்படியே எழுந்து போருக்கு வந்த மோவுத்துக்காரன் என்ற மகபத்கானின் நட்பும் அந்தப் பாட்டின் உயிர். பாடுகிறவர் அந்தப் பந்தல் இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார், கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1960இல் டி.ஆர்.ரகுநாத் இயக்கத்தில் 'ராஜா தேசிங்கு' வந்தது. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். நட்பின் கதைக்குள் சகோதரர் கதை புகுந்தது. வாள்வீச்சும் பாட்டும் குறைவில்லை. ஆனால் இறக்கப்போகிறான் என்று முன்பே தெரிந்த ஒரு பிள்ளைக்காக ஒப்பாரி வைப்பதுபோல் சொல்லிக்கொண்டே வரும் அந்தப் பாடகர் படத்தில் இல்லை. அதன்பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேசிங்கு என்றால் எம்.ஜி.ஆர். முகம். குரல் இருந்த இடத்தில் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கல்கியின் எழுத்துக்கு முதலில் கிடைத்த திரை அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1939இல் கே.சுப்ரமணியம் 'தியாகபூமி'யைப் படமாக்கிக்கொண்டிருந்தபோதே ஆனந்த விகடனில் அது தொடராக வந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களைத் தொடரில் அச்சிட்டார்கள். பாபநாசம் சிவனின் முகத்தோடுதான் வாசகர்கள் சம்பு சாஸ்திரியைப் படித்தார்கள். நாவலா முதலில், படமா என்ற கேள்வியே எழாதபடி இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. மறு ஆண்டே ஆங்கில அரசு படத்தைத் தடைசெய்தது. எழுத்துக்கும் திரைக்கும் நடுவே இவ்வளவு நெருக்கம் தமிழில் மறுபடி வாய்த்ததாகத் தெரியவில்லை. 'கள்வனின் காதலி', 'பார்த்திபன் கனவு' எல்லாம் பின்னால் வந்தன, பார்க்கலாம். நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' 1954இல் பெரும் வெற்றி பெற்று இந்தி வரைக்கும் போனது. அது எம்.ஜி.ஆரின் படமாகவும் கருணாநிதியின் வசனமாகவும் நினைவில் இருக்கிறதே தவிர, கவிஞரின் நாவலை இன்று எத்தனை பேர் தேடிப் படிக்கிறார்கள்?

கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் கோபுலுவின் கோடுகளோடு வந்தது. சுப்பு எழுதவில்லை, பேசினார். தஞ்சாவூர்த் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி அரட்டை அடிக்கிற நடை அது. 1968இல் ஏ.பி.நாகராஜன் அதைப் படமாக்கும்போது அந்தத் திண்ணைக் குரலைத் திரைக்குக் கொண்டுவர வழியே இல்லை. நாவலில் பெரும்பகுதியை விட்டுவிட்டார். அதன் இடத்தில் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தை வைத்தார். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் அந்தச் சீவாளிக்குள் ஊதுகின்றன என்றே நம்புகிறோம். பாலையாவின் தவில் கை ஒரு பக்கம், மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணி மறுபக்கம். சுப்பு சொல்லிச் சொல்லித்தான் எழுப்ப முடிந்த சத்தத்தைப் படம் நேரடியாகக் காதில் போட்டது. எழுத்தாளரின் குரல் போனது உண்மை. அவர் எதைப் பற்றிப் பேசினாரோ அது தன் சொந்தக் குரலில் வந்து நின்றது. இந்தப் படத்தில் யாரும் சுப்பு எங்கே என்று கேட்டதில்லை.

ஜெயகாந்தன் எழுத்தைப் படமாக்கியதில் ஒரு வியப்பு இருக்கிறது. 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை எழுப்பிய சர்ச்சையிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. அதற்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது. நாயகி கங்காவின் கதையை எழுதிய எழுத்தாளர் ஆர்.கே.வி. நாவலுக்குள்ளேயே ஒரு பாத்திரம். பீம்சிங்கின் படத்தில் அந்த வேடத்தில் நாகேஷ் வருகிறார். கதை சொன்னவரைக் கதைக்குள்ளேயே தேடிப்பிடித்துக் கேள்வி கேட்க முடிகிற ஒரே தமிழ்ப் படம் அதுவாகத்தான் இருக்கும். லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. வசனம் மிகுந்த படம்தான், ஆனாலும் அந்தப் பேச்சு முழுக்க ஜெயகாந்தனுடையது. கோபமும் வாதமும் அறைக்குள் உலவுகின்றன.

மகேந்திரன் எடுத்தது எதிர்த் திசை. உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி இதழின் போட்டியில் பரிசு பெற்ற நாவல். 1978இல் மகேந்திரன் அதிலிருந்து காளியையும் தங்கை வள்ளியையும் எடுத்துக்கொண்டு, பேச்சைக் கரைத்துவிட்டு, பாலு மகேந்திராவின் வெளிச்சத்திலும் இளையராஜாவின் இசையிலும் விட்டார். மறு ஆண்டு 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பிய படம். புதுமைப்பித்தனின் குரல் என்றால் அது உதட்டோரம் சுழிக்கிற குரல், சட்டென்று கடித்துவிடும். அதைத் திரையில் நகல் எடுக்கப் போயிருந்தால் பாழாகியிருக்கும். மகேந்திரன் அதைத் தொடவே இல்லை. அந்தக் குரலுக்கு அடியில் புதைந்திருந்த குழந்தைகளின் தனிமையை மட்டும் எடுத்தார். கடைசியில் ஆற்றங்கரையில் அந்தப் பிள்ளைகள் நிற்கிற நிலையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். என் கணக்கில் தமிழில் எழுத்திலிருந்து வந்த படங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

வங்காளத்தில் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்கும் முன்பே அந்த நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்திருந்தார். துர்க்காவையும் அப்புவையும் கையால் கோடு கோடாக அறிந்த பிறகே கேமராவைத் தொட்டார். மகேந்திரன் அப்படி வரைந்து பழகியவர் இல்லை. ஆனாலும் அந்த அளவுக்குத் தன் கதையோடு தனியாக உட்கார்ந்திருந்தவர் என்று தோன்றுகிறது.

பூமணியின் 'வெக்கை' எட்டு நாள் கதை. கொலை செய்த பையனும் தகப்பனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். பசி, தண்ணீர், அப்பனும் மகனும் மெல்லப் பேசிக்கொள்வது, அவ்வளவுதான். 2019இல் வெற்றிமாறன் அதை 'அசுர'னாக்கியபோது பஞ்சமி நிலமும் கீழ்வெண்மணியை நினைவூட்டும் தீயும் தகப்பன் சிவசாமியின் பழைய வாழ்க்கையும் சேர்ந்தன. அரசியலாக அது தேவையான சேர்க்கை, மறுக்கமாட்டேன். ஆனால் பூமணி ஏன் சொல்லாமல் விட்டார் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. அவர் அடக்கிப் பேசியதால்தான் அந்த வெக்கை நம் உடம்பில் ஏறுகிறது. படம் உரக்கச் சொன்னது, ஊரே கேட்டது. பூமணியின் தாழ்ந்த குரலுக்குப் புத்தகத்துக்குத்தான் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.

எங்கள் வட்டாரப் பேச்சைத் திரையில் முழுசாகக் கேட்டது 2007இல், தங்கர் பச்சான் தன் நாவலைத் தானே படமாக்கிய 'ஒன்பது ரூபாய் நோட்டு'வில். பலாத்தோப்புக்கும் முந்திரிக் காட்டுக்கும் நடுவே மாதவர் பேசுகிற பேச்சு, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் காலையில் கேட்கிற பேச்சுக்குப் பங்காளி. எழுதினவரே எடுத்ததால் குரல் கைமாறவில்லை.

'பொன்னியின் செல்வ'னுக்கு வருகிறேன். 1950களின் இறுதியில் எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்து நின்றுபோன படம். மணிரத்னம் இரண்டு பாகமாக, ஐந்தரை மணி நேரத்தில் முடித்தார். தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் வரலாற்றைச் சொல்லி நம்மை உள்ளே விடுகிறது. பிறகு ராஷ்டிரகூடர்களோடு நேரே போர்க்களம். கல்கியோ வீரநாராயண ஏரிக்கரையில், ஆடித் திருநாளில், ஒற்றைக் குதிரைக்காரனோடு தொடங்குகிறார். அங்கிருந்து மூன்றரை ஆண்டு நம் கையை விடுவதில்லை. நடுவே நிறுத்திச் செப்பேடு காட்டுவார், கதவு தட்டப்படும் நேரத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார், முடிந்த பிறகும் முடிவுரை எழுதி வாசகர்களுக்குப் பதில் சொல்வார். அந்த உடன்வருகையைத் திரைக்குக் கொண்டுவர எந்த இயக்குநராலும் முடிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். மணிரத்னம் அதற்கு ஈடாக வேகத்தையும் நந்தினி, ஆதித்த கரிகாலனின் எரிச்சல் கலந்த காதலையும் வைத்தார். அந்த இருவரும் சந்திக்கும் காட்சி நாவலில் இருப்பதைவிட எனக்குக் கனமாகவே பட்டது. சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் போனது. மணிமேகலை என்ற பெண்ணே இல்லாமல் போனாள்.

2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்த இரவு பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ஐந்தாவது பைண்டை மடியில் வைத்துக் கடைசி அத்தியாயத்தைத் திறந்திருந்தார். வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர்விடும் இடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். வார்த்தைக்கு வார்த்தை கல்கி, ஆனால் ராகம் தாத்தாவுடையது. நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன்.