விடுவதும் ஒரு ஷாட்தான்

"கையில் வேகம் போதவில்லை." திருவான்மியூரில் ஒரு மாண்டலின்காரரைக் கேட்டுவிட்டுப் படியிறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஜிப்ஸி, லத்தீன் இசை என்று அறிவித்துவிட்டு அனலே கிளப்பவில்லையாம். அவர் வாசிப்பில் கவனிக்க வேண்டியது எதுவோ, அதையே குறை என்று எழுதிவைக்கிறார்கள்.

மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. அதிரும் நீளம் பதினான்கு அங்குலம்கூட முழுசாக வராது. தட்டிய ஸ்வரம் சட்டென்று செத்துவிடும். கடல்காற்றில் கம்பி மங்கிவிட்டால் இன்னும் சீக்கிரம். அதனால் நீண்ட ஸ்வரம் வரும்போதெல்லாம் வாசிப்பவர் முன்னால் மூன்று வழிகள்: பிக்கை மேலும் கீழும் நடுக்கி ட்ரெமலோ போடலாம், மறுபடி தட்டலாம், அல்லது சாகட்டும் என்று விட்டுவிடலாம். நம் ஆள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையைத் தூக்கி விடுகிறவரை யாரும் 'அடிக்கத் தெரியாதவர்' என்பதில்லை. இங்கே மட்டும் சொல்கிறோம்.

காரணம் நம் காதுப் பழக்கம். ஒரு பழக்கம் சினிமா தந்தது. ஏக்கம் என்றால் மாண்டலின் நடுங்க வேண்டும். இன்னொன்று 1980களில் சபாவுக்கு வந்த மின் மாண்டலின் தந்தது. அதில் ஐந்து ஒற்றைக் கம்பிகள், பெருக்கிய ஒலி. கார்வை நிற்கும், கமகம் பேசும். ஜோடிக் கம்பிகளில் அப்படி இழுத்தால் இரண்டும் ஒன்றாக அசைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அபஸ்வரம். ஆக, நடுக்கம் தேடி வந்தவருக்கும் ஏமாற்றம், கமகம் தேடி வந்தவருக்கும் ஏமாற்றம். பழி வாசிப்பவர் தலையில்.

அவர் விடுவதன் நியாயம் தாளத்தில் இருக்கிறது. கியூபாவின் ஹபனேராவிலிருந்து அர்ஜென்டினாவின் டேங்கோ வரை அடியில் ஓடும் முக்கியமான கணக்கு எட்டை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரிப்பது. நம் வாயில் தகிட தகிட தக. 1962-ல் கலாக்ஷேத்திரா குடிவந்த ஊர் இது. சொற்கட்டு கேட்டே வளர்ந்த காதுகளுக்கு இது புரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ட்ரெமலோ எட்டு மாத்திரையையும் ஒரே அடர்த்தியில் நிரப்பிவிடும். மூன்றும் இரண்டும் எங்கே பிரிந்தன என்றே தெரியாது. 1930களில் பாரிஸில் வளர்ந்த ஜிப்ஸி ஜாஸிலும் கிடார்களே டிரம்ஸ் வேலையைச் செய்தன. அவை நறுக்கித் தரும் தாளத்தின் மேல் மாண்டலினும் நறுக்கென்று நிற்க வேண்டும்.

போன முறை ஒரு மைனர் மெட்டு வாசித்தார். கீரவாணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிடார் ஐந்தாம் கார்டுக்குப் போனதும் இவர் பஞ்சமத்தை ஆதாரமாக்கிக்கொண்டார். வகுளாபரணம் வந்து நின்றது. முதல் தகிடவில் சுத்த ரிஷபத்தைத் தட்டினார். உடனே இடது கை விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி நாதத்தை அறுத்தார். இரண்டாவது தகிட முழுக்க ஒன்றும் இல்லை. 'தக' விழும் இடத்தில் அந்தர காந்தாரம். அந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவே மூன்று அரைஸ்தான அகலம். அனல் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. என் பக்கத்து இருக்கைக்காரர் "நம்ம ராகம்தானே!" என்று பூரித்துப்போய்த் தாளத்தைக் கோட்டை விட்டார். ஜிப்ஸிகள் எனப்படும் ரோமா மக்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு மொழியியல் சான்று உண்டு. அதற்காக அவர்கள் வகுளாபரணத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள் என்று ஆகிவிடாது.

நான் இவர் கட்சிதான். ஆனாலும் ஒரு குறை சொல்வேன். பக்கவாத்தியம் சேராத விளம்ப முன்னுரையிலும் இதே போல விட்டுவிடுகிறார். அங்கே அறுத்துக் காட்டத் தாளமே இல்லை, வெறும் ஓட்டைதான் விழுகிறது. ட்ரெமலோவுக்கு உரிய இடம் அது. பிடிவாதத்தைத் தளர்த்தலாம்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். வரும் மார்கழியிலும் வேகக் கட்சிக்கே கூட்டம். அடுத்த மார்கழியில் அந்த வேகக்காரர்களே நடுநடுவே விட்டுப் பார்ப்பார்கள், புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி. நம் ஆள் இப்போதுள்ள கஹோன் பெட்டியை விட்டுவிட்டு ஒரு கஞ்சிராக்காரரைச் சேர்த்துக்கொள்வார். மூன்று மூன்று இரண்டை விரல்நுனியில் வைத்திருப்பவர் பக்கத்திலேயே இருக்கும்போது பெட்டி எதற்கு? அதற்குப் பிறகு ஷோரோவுக்குப் போவார். ரியோ டி ஜெனீரோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அந்த இசையில் மாண்டலின் முன்வரிசை வாத்தியம். ஸ்வரங்கள் பொழியும், விடுவதற்கு இடமே கிடைக்காது. அவருக்கு உண்மையான பரீட்சை அதுதான். தேறுவார் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தக் கச்சேரியில் ஒரே ஒரு இடத்தில் ட்ரெமலோ போடுவார். கைதட்டல் அதற்குத்தான் விழும். "இப்போதுதான் பையனுக்குக் கை பழகியிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவார்கள்.